தகரப் பெட்டியைத் திறந்தாச்சு, இனி என்ன? பழைய காகிதக் கோளாறுகளும் கைவைத்தியமும்

நாங்கள் செட்டிநாட்டுக்காரர்கள். முன்னோரை வழிபடும் படைப்புக்கு ஊருக்குப் போவோம். வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து ஒட்டடை அடிக்கும்போது, யாராவது ஒருவர் உள்ளறையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்து வருவார். மூடியில் வெள்ளைப் பெயின்டில் ஐயாவின், அதாவது தாத்தாவின் விலாசம், அதற்குக் கீழே, வட்டிக்கடை நடந்த ரங்கூன். உள்ளே பேரேடு, ஐந்தொகை என்ற இருப்புக் கணக்கு, உண்டியல் என்ற பணமாற்றுச் சீட்டு, வெளியூர்க் கடையை நடத்திய மேலாளோடு எழுதிய சம்பளச் சீட்டு, சீர்ப் பட்டியல், மொய் ஏடு, நூலால் கட்டிய கடிதக் கட்டுகள். எல்லாரும் வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொன்றாக எடுப்போம். 80 வருடமாகக் கரையானும் மழையும் செய்யாததை அந்த அரை மணி நேரத்தில் ஏழெட்டுக் கைகள் செய்து முடித்துவிடும்.

நான் தொழில்முறையில் காகிதம் பாதுகாப்பவன் இல்லை. எங்கள் வீட்டுப் பெட்டியில் ஆரம்பித்து உறவினர் வீட்டுப் பெட்டிகள் வரை பார்த்துவிட்டேன், அவ்வளவுதான். கீழே உள்ளதில் பாதி, நானே கெடுத்துக் கற்றுக்கொண்டது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: எதையும் எடுக்கும் முன் பெட்டியைத் திறந்தபடியே படம் எடுங்கள். ஒவ்வொரு அடுக்கை எடுத்த பிறகும் ஒரு படம். நூல் கட்டியிருந்தால் அந்தக் கட்டைக் கலைக்காதீர்கள். ஐயா காரணமில்லாமல் கட்டியிருக்க மாட்டார். பெரும்பாலும் ஒரு கட்டு ஒரு விவகாரமாக இருக்கும். கடன் கொடுத்த கடிதம், அதற்கான உண்டியல், வட்டிக் கணக்கு, தீர்ந்ததற்கான ரசீது எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். பிரித்துவிட்டால் நான்கும் நான்கு அநாதைக் காகிதங்கள். பிரித்தே ஆக வேண்டுமென்றால் மூலையில் பென்சிலால் கட்டு எண், தாள் எண் போட்டுவிட்டுப் பிரியுங்கள். பேனா வேண்டாம்.

கையுறையும் வேண்டாம். துணிக் கையுறை நொறுங்கும் ஓரத்தில் மாட்டிக்கொள்ளும். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும்.

மூடியைத் திறந்ததும் பூசண வாடை

பெட்டியை வெளித் திண்ணைக்கு, நிழலுக்குக் கொண்டு போங்கள். மூக்கை மூட என்-95 முகக்கவசம் போடுங்கள். இளைப்பு உள்ளவர்கள் பக்கத்திலேயே வர வேண்டாம். பூசணம் உயிரோடு இருக்கிறதா, காய்ந்துபோனதா என்று பாருங்கள். மெல்லிய தூரிகையால் லேசாகத் தொட்டால் பொடியாக உதிர்ந்தால் காய்ந்தது. ஈரமாக இழுபட்டால் உயிருள்ளது. உயிருள்ளதைத் துடைக்கப் போகாதீர்கள், இன்னும் உள்ளே தேய்த்துவிடுவீர்கள். காற்றோட்டமான நிழலில் மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்து ஓரிரு நாள் உலரவிட்டு, பிறகு உங்கள் பக்கம் வராமல் வெளிப்பக்கமாகத் தூரிகையால் தள்ளுங்கள்.

வெயிலில் காய வைக்காதீர்கள். வற்றலும் அப்பளமும் காய்கிற முற்றத்தில் இதையும் விரிக்கத்தான் கை போகும். எனக்கும் போனது. ஒரு சித்திரை மத்தியானத்தில் ஒரு கட்டுக் கடிதம் பழுப்பேறி, வளைந்து, அப்பளம் போலவே ஆகிவிட்டது.

பூசணம் பிடிப்பது காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டும்போது. நம் ஊரில் பங்குனி, சித்திரையில் அந்தப் பயமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில், அதுவும் பூட்டிய வீட்டில், பயம் உண்டு. ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கிப் பெட்டி இருக்கும் அறையில் வையுங்கள்.

மடிப்பில் ஒடிகிறது, தொட்டால் உதிர்கிறது

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து மரக்கூழில் செய்த மலிவுக் காகிதம் வர ஆரம்பித்தது. மை ஊறாமலிருக்க அதில் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரத்தால் வரும் அமிலம் காகிதத்தின் நாரை உள்ளிருந்தே துண்டு துண்டாக வெட்டுகிறது. அதனால்தான் 1850ஆம் வருடத்துக் கந்தல்துணிக் காகிதம் இன்றும் துணி போல மடங்குகிறது, 1940ஆம் வருடத்து நோட்டீஸ் பப்படமாக நொறுங்குகிறது. வயதை வைத்து உறுதியைக் கணிக்க முடியாது.

நான்காக மடித்து 80 வருடம் கிடந்த கடிதத்தைப் பலவந்தமாக விரித்தால் நான்கு துண்டாகும். அதற்குக் கொஞ்சம் ஈரம் கொடுக்க வேண்டும். தண்ணீர் தெளிக்கக் கூடாது, காற்றின் ஈரம் மட்டும்.

அதற்கு முன்னால் ஒரு சோதனை. காது குடையும் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பிழிந்து, முக்கியமில்லாத ஒரு எழுத்தின் ஓரத்தில் தொட்டு எடுங்கள். பஞ்சில் நிறம் ஏறினால் நிறுத்துங்கள், இந்த முறை அதற்கு வேண்டாம். முக்கியமாக, சாதாரணப் பென்சில் எழுத்து போலச் சாம்பல் நிறத்தில் இருப்பதை நம்பாதீர்கள். அந்தக் காலத்துக் கிட்டங்கிகளில், அதாவது வட்டிக்கடைகளில், காப்பியிங் பென்சில் புழங்கியது. உலர்ந்திருக்கும்வரை சாதுவாக இருக்கும், ஈரம் பட்டால் ஊதாவாக விரியும். சோதனை செய்யாமல் நான் ஈரம் காட்டிய ஒரு தாளில் இப்போது அழகான கத்திரிக்காய் நிறம்தான் இருக்கிறது, கணக்கு இல்லை. ரப்பர் முத்திரை மைகளும் அப்படித்தான்.

சோதனையில் தேறினால்: மூடியுள்ள பெரிய பிளாஸ்டிக் டப்பா ஒன்று எடுங்கள். அடியில் நனைத்து நன்றாகப் பிழிந்த துண்டு. அதற்கு மேல் பாத்திரம் வடிக்கும் பிளாஸ்டிக் தட்டைக் கவிழ்த்து, அதில் சுத்தமான வெள்ளைத் துணி விரித்து, மடித்த கடிதத்தை அப்படியே வையுங்கள். காகிதம் ஈரத் துண்டைத் தொடக் கூடாது. மூடியின் உட்புறம் காய்ந்த துணி ஒன்றை ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் வேர்த்துச் சொட்டும். அரை மணிக்கொரு தடவை திறந்து பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் காகிதத்தின் விறைப்பு தளர்வது கையில் தெரியும், சத்தமில்லாமல் விரியும். கால்வாசி விரிந்து எதிர்த்தால் விட்டுவிட்டு இன்னும் அரை மணி வையுங்கள். ராத்திரி முழுக்க மட்டும் வைக்காதீர்கள், காலையில் பூசணத்தோடு மறுபடி முதல் கோளாறுக்குப் போக வேண்டியிருக்கும்.

விரித்ததை இரண்டு மை ஒற்றும் தாள்களுக்கு நடுவில் வைத்து மேலே பாரம் ஏற்றுங்கள். வீட்டில் மிச்சம் கிடக்கும் ஆத்தங்குடிக் கல்லைத் துணியில் சுற்றி வைப்பேன். கண்ணாடிமேல் வார்த்த கல், அதனால் பூப்போட்ட முகம் மட்டமாக இருக்கும். அந்த முகம் கீழே வரட்டும். மறுநாள் ஒற்றுத்தாளை மாற்றி, இன்னொரு நாள் விடுங்கள்.

தூளாகவே உதிரும் தாளுக்கு இதெல்லாம் தாங்காது. இருக்கிறபடியே ஒரு கெட்டி அட்டைமேல் நகர்த்தி வைத்து, மேலிருந்து படம் எடுத்து, பாலியெஸ்டர் உறையில் போட்டு மூடுங்கள். கடையில் விற்கும் பளபள பி.வி.சி. உறை வேண்டாம். முகர்ந்தால் புது மழைக்கோட்டு வாடை வந்தால் அது பி.வி.சி. நாளடைவில் எழுத்தைத் தன்மேல் ஒட்டிக்கொள்ளும்.

எழுத்து இருந்த இடத்தில் மட்டும் ஓட்டை

பூச்சி வேலை என்று நினைப்பார்கள். மை செய்த வேலை. கடுக்காய் போன்ற துவர்ப்புப் பொருளும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்த மை எழுதும்போது மங்கலாக இருந்து பிறகு கறுக்கும், பல வருடம் கழித்துப் பழுப்பாகும். இரும்பும் அமிலமும் சேர்ந்து காகிதத்தை எரிக்கும். தாளைத் திருப்பிப் பார்த்தால் எழுத்தைச் சுற்றிப் பழுப்பு நிழல் பின்பக்கமும் தெரியும். அதுதான் அடையாளம்.

இதற்கு ஈரம் ஆகவே ஆகாது, மேலே சொன்ன டப்பா வைத்தியம் உட்பட. ஈரம் பட்டால் இரும்பு பரவி, எரிச்சல் எழுத்தைத் தாண்டிப் போகும். மடிக்காமல், வளைக்காமல், தட்டையாக, ஒவ்வொரு தாளுக்கும் நடுவில் அமிலமில்லாத் தாள் வைத்து அடுக்குங்கள். உடனே படம் எடுத்துவிடுங்கள். வீட்டில் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

அரிப்பு, துளை, மண்

தாளின் மேல்தோல் மட்டும் சுரண்டி, ஓரம் தாறுமாறாக இருந்தால் இராமபாணம். வெள்ளி மினுக்கும் அந்தப் பூச்சிக்குப் பசையும் மாவும் பிடிக்கும், பைண்டிங் முதுகைத் தேடிப் போகும். குண்டூசி குத்தியது போல வட்டத் துளை பல தாள்களைத் தாண்டி நேராகப் போனால் வண்டின் புழு. மண் பூச்சு தெரிந்தால் கரையான். அதற்குப் பெட்டியில் வைத்தியம் இல்லை, தரையிலும் சுவரிலும் பாருங்கள்.

புழுவுக்கு உறைகுளிர் நல்ல மருந்து. கட்டைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி எடுத்து, டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டி, மைனஸ் 18 டிகிரி போகும் பிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்காதீர்கள். குளிர்ந்த காகிதத்தில் காற்று பட்டால் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அரக்கு முத்திரை உள்ளவற்றையும் கண்ணாடிப் பிளேட் போட்டோக்களையும் பிரீசரில் வைக்காதீர்கள். "மீன் வைக்கிற பெட்டியிலயா தம்பி ஐயா கடுதாசிய வைக்கப் போற?" என்று கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி கேட்டார்கள். நியாயமான கேள்விதான். "தனியா ஒரு தட்டு ஒதுக்கிக் கொடுங்க ஆச்சி" என்றேன். கொடுத்தார்கள்.

அந்துருண்டையை நான் விட்டுவிட்டேன். அதன் ஆவி மனிதனுக்கு ஆகாது. வசம்பைத் துணியில் முடிந்து போடுவதில் கெடுதல் இல்லை, ஆனால் அதை நம்பிப் பெட்டியைப் பத்து வருடம் திறக்காமல் விடாதீர்கள். பச்சை வேப்பிலை போடவே கூடாது. அது கொண்டுவருவது ஈரம்.

ஓடு ஒழுகி நனைந்துவிட்டது

48 மணி நேரம் அவகாசம். அதற்குள் உலர வேண்டும், அல்லது உறைய வேண்டும். பத்திருபது தாள் என்றால் ஒற்றுத்தாள்மேல் பரப்பி, மின்விசிறிக் காற்றில் விட்டு, ஒற்றுத்தாளை அடிக்கடி மாற்றுங்கள். பேரேடுகளே நனைந்துவிட்டன என்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் காய வைக்க முடியாது. பையில் போட்டுப் பிரீசருக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாகக் காய வையுங்கள். உறைந்திருக்கும்வரை பூசணம் வராது. நனைந்த பேரேட்டை விரித்துப் பார்க்க ஆசைப்படாதீர்கள். நனைந்த தாள் தன் எடையையே தாங்காது.

ஏற்கெனவே ஒருவர் சரிசெய்துவிட்டார்

இதுதான் ஆகக் கஷ்டமானது. செல்லோடேப் ஒட்டியிருந்தால், பசை பழுப்பாகிக் காகிதத்துக்குள் இறங்கியிருக்கும். டேப் தானாகக் கழன்றால் எடுங்கள், பிடிவாதம் பிடித்தால் விட்டுவிடுங்கள். ஹேர் டிரையர், தின்னர் எல்லாம் யாரோ சொன்னார்கள் என்று முயன்று பார்க்கும் இடம் இது இல்லை. கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட பழைய போட்டோவையும் பிரிக்காதீர்கள், கண்ணாடியோடே படம் எடுங்கள்.

லேமினேஷன். எங்கள் அப்பச்சி நல்ல எண்ணத்தோடு ஒரு கிரயப் பத்திரத்தைக் கடையில் கொடுத்தார்கள். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் நாருக்குள் புகுந்துவிட்டது. முத்திரையின் மேடு அமுங்கிப் போனது. அரை மணி வேலைக்கு நாற்பது ரூபாய் வாங்கினார்கள், அதை எத்தனை லட்சம் கொடுத்தாலும் திருப்பிச் செய்ய முடியாது. இனிமேல் செய்யாதீர்கள் என்பதைத் தவிர வைத்தியம் இல்லை. தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலத்தில் அசிட்டோனும் அசிடேட் படலமும் வைத்துச் சூடில்லாமல் லேமினேட் செய்தார்கள். அது வேறு, தெருமுனை இயந்திரம் வேறு.

கிழிசலை ஒட்டியே ஆக வேண்டுமென்றால் மெல்லிய ஜப்பான் தாளும் கோதுமை ஸ்டார்ச்சுப் பசையும். மைதாப் பசை பூச்சியைக் கூப்பிடும். அந்தப் பூச்சிக்குப் பயந்து பைண்டர்கள் போடும் மயில்துத்தம் காகிதத்தைத் தின்னும். துத்தத்தில் இருப்பது செம்பு, அது காகிதத்துக்கு இரும்பு மாதிரியே எதிரி.

துருப்பிடித்த குண்டூசியை இழுக்காதீர்கள். ஊசிக்கும் தாளுக்கும் நடுவில் ஒரு துண்டு பிளாஸ்டிக் படலத்தை நுழைத்து, துருவைத் தளர்த்தி, வந்த வழியே பின்னால் தள்ளுங்கள்.

எந்த வருடம் என்றே தெரியவில்லை

பிள்ளையார் சுழிக்குக் கீழே "விக்கிரம ௵" என்று இருக்கும், ஆங்கில வருடம் இருக்காது. ௵ வருஷம், ௴ மாசம், ௳ தேதி. கணக்கில் ௶ பற்று, ௷ வரவு. சில தாளில் ௲௯௱௪௰ என்று எழுதியிருக்கும். ஆயிரம், ஒன்பது நூறு, நான்கு பத்து, அதாவது 1940.

தமிழ் வருடம் மட்டும்தான் என்றால் 60 வருடச் சுழற்சி குழப்பும். விக்கிரம என்பது 1940-41ஆகவும் இருக்கலாம், 1880-81ஆகவும் இருக்கலாம். பத்திரத்தின் மேலே யார் தலை என்று பாருங்கள். ஆறாம் ஜார்ஜ் என்றால் 1940. விக்டோரியா ராணி என்றால் 1880. ஒட்டுத்தலை, அதாவது ரெவின்யூ ஸ்டாம்ப், ஒட்டிய ரசீதிலும் இதே கதைதான். தலையை வெட்டி எடுத்து ஆல்பத்தில் ஒட்டியிருந்தால்? காகிதத்தின் வயது போச்சு.

மங்கிய எழுத்துக்கு ஒரு சின்ன உபாயம். ஜன்னலை ஒருக்களித்துத் திறந்து, வெளிச்சம் தாளின்மேல் பக்கவாட்டில் விழும்படி வைத்துப் போனில் படம் எடுங்கள். பேனா அழுத்திய தடம் நிழலாகத் தெரியும்.

"இதெல்லாம் எவ்வளவுக்குப் போகும்?"

கேட்கத்தான் கேட்பார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் பத்திரங்களும் பழைய அச்சுப் படங்களும் கிடைக்கும். ஒரு தாளை அங்கே கொண்டுபோய் நீட்டினால் ஒரு தாளுக்கான விலைதான் வரும், பெரும்பாலும் சொற்பம். சாதாரண ஜார்ஜ் பத்திரங்கள் ஏராளமாகப் புழங்குகின்றன. போர்க்காலத்தில் பர்மாவையும் மலாயாவையும் பிடித்த ஜப்பான் அங்கே புழங்கவிட்ட, பெட்டியில் கத்தையாக இருக்கும் ஜப்பான்காரன் நோட்டும் அப்படியே. நோட்டில் அச்சிட்ட ஆங்கில எழுத்துக் குறி பி-யில் ஆரம்பித்தால் பர்மா, எம்-மில் ஆரம்பித்தால் மலாயா. அதில் வாழைமரம் போட்ட பத்து டாலர் பார்க்க லட்சணமாக இருக்கும். 1945இல் ஜப்பான் தோற்றதோடு அதன் பணமதிப்பு போய்விட்டது. சேகரிப்பவர்கள் வாங்குவார்கள், ஆனால் வீடு கட்டும் பணம் வராது. பழைய நோட்டுக்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இப்படி ஏமாற்றுகிறார்கள் என்று 2021இல் அந்த வங்கியே எச்சரித்தது.

மதிப்பு கூடுவது தொடர்ச்சியில். ஒரே கிட்டங்கியின் பத்து வருடப் பேரேடு விடாமல் இருந்தால், அதோடு மேலாள் எழுதிய கடிதமும் இருந்தால், பர்மாவில் நெல் விலை விழுந்தபோது ஒரு வட்டிக்கடை எப்படித் திணறியது என்பது அதில் இருக்கும். கீழ்ப் பர்மாவின் நெல்வயலில் செட்டியார்கள் கைக்கு வந்தது 1930இல் சுமார் 6 சதவீதம், 1938இல் சுமார் 25 சதவீதம். விரும்பி வாங்கிய நிலம் இல்லை, கடன் திரும்பாமல் வந்து விழுந்த நிலம். அரசாங்க அறிக்கை எண்ணைச் சொல்லும். அந்த ஒரு நிலம் எந்த மாதம், எத்தனை கடிதத்துக்குப் பிறகு கைமாறியது என்பதை உங்கள் கட்டுதான் சொல்லும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகத்தோடு கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் சேர்த்தவர். ஊரில் பலருக்கு அது குப்பையாகத் தெரிந்திருக்கும். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அதை வைத்து 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. விற்பதா கொடுப்பதா என்று யோசிப்பவர்கள் அந்த மாதிரி இடத்தில் ஒரு தடவை பேசிப் பாருங்கள்.

விற்கும் முன் இரண்டு விஷயம். ஒன்று, உள்ளூர் நிலம், வீடு சம்பந்தப்பட்ட பத்திரம் எவ்வளவு பழசானாலும் முதலில் வக்கீலிடம் காட்டுங்கள். 30 வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம், இருக்க வேண்டியவர் காவலிலிருந்து வந்தால், நீதிமன்றம் அதை மெய்யென்று அனுமானிக்கலாம். அந்தக் காகிதத்தைத்தான் நாம் இருநூறு ரூபாய்க்குக் கொடுத்துவிடுகிறோம். இரண்டு, வரலாற்று மதிப்புள்ள 75 வருடத்துக்கு மேற்பட்ட ஆவணம் 1972ஆம் வருடச் சட்டப்படி தொல்பொருள். சிங்கப்பூர் மாப்பிள்ளை பெட்டியில் போட்டு எடுத்துப் போக முடியாது.

பங்காளிகள் ஆளுக்குக் கொஞ்சம் கேட்கிறார்கள்

எங்கள் வீட்டில் ஐந்து புள்ளி, அதாவது ஐந்து குடும்பம். ஆளுக்கு ஒரு கட்டு என்று பேச்சு வந்தது. எல்லாத் தாளையும் 400 டிபிஐயில் ஸ்கேன் செய்து ஐந்து பென் டிரைவில் கொடுத்தோம். அசல் மொத்தமும் ஊர் வீட்டிலேயே. மாடியில் ஓட்டுக்கு நேர் கீழே வைக்கவில்லை, சூடும் ஒழுகலும் அங்கேதான். வளவை ஒட்டிய கீழறையில், சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, மரப்பலகைமேல் இருக்கிறது. பெட்டி மூடியின் உட்புறம் ஒரு தாள் செருகியிருக்கிறோம்: எந்தக் கட்டு, யார் எடுத்தார், என்றைக்கு, கையெழுத்து. போன படைப்பில் பார்த்தேன், மூன்றாம் எண் கட்டுக்கு நேராகச் சின்ன அயித்தையின் கையெழுத்து இருந்தது. திருப்பி வைத்த தேதி இன்னும் எழுதவில்லை.